முன்னாள் உரிமையாளர் தத்துவம்: 1804 டாலரை முன்வைத்து ஒரு விசாரணை

புரூஃப் வெள்ளி நாணயம் சேகரிப்பவர் காசு கொடுத்து வாங்குவது அதன் முன்னாள் உரிமையாளரைத்தான் என்பது இவ்விசாரணையின் துணிபு. மெருகேற்றிய அச்சுகளில், செலவழிக்கும் நோக்கமே இல்லாமல், கண்ணாடிபோல் மின்னும்படி அடிக்கப்படுவது புரூஃப். அதைக் கொண்டு எவரும் கத்தரிக்காய் வாங்கியதில்லை. ஆகவே அதன் வரலாறு முழுவதும் அதை வைத்திருந்தவர்களின் வரலாறே. இதை அடியேன் இன்னும் எழுதாத நூலின் இரண்டாம் பாகத்தில் ஐயத்துக்கிடமின்றி நிறுவியுள்ளேன்.

தலைமைச் சான்று அமெரிக்காவின் 1804 வெள்ளி டாலர். 1804இல் அப்படியொரு நாணயம் அடிக்கப்படவேயில்லை. அவ்வாண்டு பிலடெல்பியா நாணயச்சாலை அடித்த டாலர்களில் முந்தைய ஆண்டே இருந்தது. முப்பது ஆண்டு கழித்து, எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற தூதர் கீழைநாட்டு மன்னர்களுக்குப் பரிசாக எடுத்துச் செல்வதற்காக, 1834இல் 1804 என்று தேதியிட்டு அடித்தார்கள். மஸ்கட் சுல்தானுக்கு ஒரு தொகுதி, சயாம் அரசர் மூன்றாம் ராமாவுக்கு ஒரு தொகுதி போய்ச் சேர்ந்தன. மற்றவற்றைக் கொடுக்குமுன் 1836இல் மக்காவோவில் ராபர்ட்ஸ் காலமானார். பிற்பாடு சேகரிப்பாளர்களின் ஆசைக்காகவும் சில அடிக்கப்பட்டு, இன்று அறியப்பட்டவை மொத்தம் 16. ஆக, தேதி பொய்; பணம் என்ற தகுதியும் பொய்; உரிமையாளர் மட்டுமே மெய். அந்த மெய்யிலும் ஓட்டை உண்டு. சுல்தானுடையது எனக் கருதப்படும் நாணயம் அவரிடமிருந்து இங்கிலாந்துக்கு எப்படி வந்தது என்பதற்குக் காகிதம் கிடையாது. காகிதம் இல்லாத இடத்தில்தான் ஆய்வு தழைக்கும்: 1999 ஏலத்தில் அது 41.4 லட்சம் டாலருக்குப் போயிற்று.

உரிமையாளர்களை வகைப்படுத்துவோம். அரசர்: மேலே காண்க. நாணயச்சாலை இயக்குநர்: ஹென்றி லிண்டர்மன், பின்னாளில் அடித்த டாலர்களுள் ஒன்று இவரிடமே இருந்தது பற்றி மௌனம் காப்பதே ஆய்வு நெறி. திருடர்: அதே லிண்டர்மன் நாணயத்தை 1967இல் புளோரிடாவில் டியூபாண்ட் குடும்பத்தார் ஒருவர் வீட்டிலிருந்து கொள்ளையடித்துச் சிலகாலம் வைத்திருந்தோர்; ஏனோ அவர்கள் பெயர் நாணயத்துக்குச் சூட்டப்படவில்லை.

ஆயுளைச் செலவிடத் தக்கவர் டென்வர் வங்கியாளர் ஜேம்ஸ் டெக்ஸ்டர். 1885 ஏலத்தில் ஆயிரம் டாலருக்கு விலைபோய், பிறகு இவர் கைக்கு வந்த நாணயத்தின் பின்புறத்து மேகம் ஒன்றில், ‘டி’ என்று ஒரு சிற்றெழுத்து குத்தப்பட்டிருக்கிறது. அது டெக்ஸ்டரின் கைவேலை என்பதே வழிவழி வந்த கொள்கை. நாணயவியலார் தர்மத்தில் விரல்ரேகை குற்றம், துடைத்தல் பெருங்குற்றம், கீறல் மன்னிக்கவே முடியாதது. எழுத்தே குத்தியவருக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள்? நாணயத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். 2017இல் அது 32.9 லட்சம் டாலருக்கு விற்றது. அதே பக்கத்துக் கழுகை விட்டு மேகத்தில் ஏன் குத்தினார் என்பதை எழுதாத நூலின் மூன்றாம் பாகம், இரண்டாம் பதிப்பு (முதற்பதிப்பு வராது), 412ஆம் அடிக்குறிப்பின் உட்குறிப்பில் விளக்கி, அதற்கு நானே மறுப்பெழுதி, அம்மறுப்பை இன்னொரு கட்டுரையில் மேற்கோளும் காட்ட இருக்கிறேன். உடன்பட ஒருவர் கிடைத்தால் இது கோட்பாடாகும். முரண்பட ஒருவர் கிடைத்தால் தனித் துறையாகி, இருவருக்கும் பதவி உயர்வு வரும்.

விலைக்குக் காரணம் அருமைதானே என்பர். 16இல் ஒன்று என்ற பெருமை பதினாறுக்கும் பொது. ஆனால் 1843இல் நாணயச்சாலையிலேயே பண்டமாற்றாகப் பெற்ற மாத்யூ ஸ்டிக்னி முதலாக, ஒவ்வொன்றும் அழைக்கப்படுவது வைத்திருந்தவர் பெயரால்தான். வெள்ளியின் மதிப்பு என்பாருக்கு: எடை சுமார் 27 கிராம், கொலுசுக்கும் பற்றாது. பழுதின்மையே விலை என்போர் மேகத்தை மறுபடி பார்க்கவும்.

இனி ஒரு சிக்கல். இப்போது இத்தகைய நாணயங்களைத் தரம் பிரித்து பிளாஸ்டிக் பேழைக்குள் மூடி முத்திரையிட்டுவிடுவதால், வருங்கால டெக்ஸ்டர்கள் எழுத்துக் குத்த வழியில்லை என்று சிலர் கவலைப்படுவர். கவலை வேண்டாம். பேழையின் லேபிளிலேயே முன்னாள் உரிமையாளர் பெயரை அச்சிட்டுத் தருகிறார்கள். நாணயத்தைத் தொடவே வேண்டியதில்லை.