ஐம்பது முழுக்குகளின் மெய்ம்மை: ஒரு திறனாய்வு

எகிப்தில் ஹுர்காடாவிலிருந்தும் போர்ட் காலிபிலிருந்தும் கிளம்பும் லைவ்அபோர்டு படகுகளில் ஒரு வாரம் படகிலேயே உண்டு உறங்கி, நாளுக்கு மூன்று நான்கு முறை செங்கடலுக்குள் ஸ்கூபா முக்குளிக்கலாம். பிரதர்ஸ், டெடலஸ் போன்ற நடுக்கடல் திட்டுகளுக்குப் போக மட்டும், லாக் புக்கில் குறைந்தது 50 முழுக்குகள் பதிவாகியிருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அது வீண் விதியன்று. அங்கே நீரோட்டம் கடுமை. பவளச்சுவர் அடி தெரியாமல் இறங்குகிறது. ஒதுங்கக் கரை கிடையாது, கலங்கரை விளக்கம்தான் உண்டு; பிரதர்ஸில் இருப்பது 1883இல் ஆங்கிலேயர் கட்டியது. ஆய்வுக்குரிய வினா வேறு: ஒருவர் 50 முறை முழுகினார் என்பதை எதைக் கொண்டு நிறுவுவது?

பயிற்சி அட்டை சான்றாகாது. ஓபன் வாட்டர் அட்டைக்குக் கடலில் 4 முழுக்குகள் போதும், காலாவதியும் கிடையாது. வாய்மொழியைக் கருதவே வேண்டாம்.

எஞ்சுவது லாக் புக். நாள், இடம், ஆழம், நிமிடம், சிலிண்டரில் தொடக்கத்திலும் முடிவிலும் இருந்த காற்றின் அழுத்தம், உடன் முழுகியவர் கையொப்பம், டைவ் சென்டர் முத்திரை என ஒவ்வொரு பக்கமும் கல்வெட்டு மெய்க்கீர்த்திக்கு நிகரான செறிவுடையது. 50 பக்கங்களும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில் இருந்தால் அவை ஓரிரவில் இயற்றப்பட்டவை என்பர் மையியலார். ஈரவியலார் இதை மறுத்து, தாளின் சுருக்கத்தையும் உப்புப் பூத்தலையுமே கொள்ள வேண்டும் என்பர். காப்பிக் கறையை உப்புக்கறை என மயங்கலாகாது என்று மையியலார் அதற்கு எழுதிய அடிக்குறிப்பும், அக்காப்பி படகிலேயே சிந்தியிருக்கலாமே என்று ஈரவியலார் அவ்வடிக்குறிப்புக்கு எழுதிய மறுப்புரையும், மறுப்புரைக்கு நடுநிலையாளர் செய்த பதவுரையும் சேர்ந்து மூலநூலைவிடப் பெருத்துவிட்டன. இவர்களுள் எவரும் நனைந்ததாகச் சான்றில்லை.

கையொப்பம் போதாதோ எனின், போதாது. முதலாமவர் முழுகியதற்கு இரண்டாமவர் சாட்சி. இரண்டாமவர் முழுகியதற்கு முதலாமவர் சாட்சி. ஒருவர் நூலுக்கு மற்றவர் அணிந்துரை எழுதியே இருவரும் பேரறிஞராகிவிடும் நம் பல்கலைக்கழகத் துறைகளில் இம்முறை நன்கு வேரூன்றியிருப்பதால், இதைக் குறைகூற எமக்குத் துணிவில்லை.

இனித் தடை: ஆழத்தையும் நேரத்தையும் டைவ் கம்ப்யூட்டர் தானே பதிகிறதே, அது பொய் சொல்லுமா? சொல்லாது. ஆனால் அது அளப்பது நீரழுத்தத்தை. யார் மணிக்கட்டில் இருக்கிறோம் என்பதை அன்று. நங்கூரக் கயிற்றில் கட்டி 18 மீட்டருக்கு இறக்கி, மேலே இழுக்கும்போது 5 மீட்டரில் 3 நிமிடம் நிறுத்தினால், பாடநூல் மெச்சும் முழுக்கு ஒன்று பதிவாகிவிடும். கயிறு ஆழ வரம்பை மீறாது, பவளத்தை உதைக்காது, காற்றும் செலவழிக்காது.

எனவே அகச்சான்றே துணை. பொய்ப்பதிவில் வெட்கம் இராது. அதில் பக்கந்தோறும் சுறா வரும். ஒவ்வொரு முழுக்கும் சிலிண்டரில் சரியாக 50 பார் அழுத்தம் எஞ்ச முடியும். மெய்ப்பதிவில் ஒரு நாள் 90, ஒரு நாள் 30. "மாஸ்க்கில் தண்ணீர், மீன் ஒன்றும் தெரியவில்லை" என்ற வரி. பிறகு ஓராண்டு வெற்றிடம். பிரதர்ஸில் 1901இல் மூழ்கிய நுமிடியா கப்பலை முழுக்கப் பார்த்ததாக எழுதியவர் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்தவர்: அக்கப்பல் 80 மீட்டர் ஆழம்வரை சரிந்து கிடக்கிறது, பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையோ 40. அமைதியான குடாவில் எடுத்த 50ஐவிட நீரோட்டத்தில் எடுத்த 20 மேலானது என்பதையும், கடைசி முழுக்கு எப்போது என்பதையும் இப்படிப் படித்தால்தான் அறியலாம். எண்ணிக்கை அதைச் சொல்லாது.

இவ்வளவும் எதற்கு, முதல் நாள் கரையோரத்தில் செக் டைவ் வைக்கிறார்களே என்பர் சிலர். உண்மைதான். ஈயக்கட்டி போதாமல் மிதக்கிறாரா, கையால் துழாவுகிறாரா, மாஸ்க்கிலிருந்து நீரை வெளியேற்றத் தெரிகிறதா என்று வழிகாட்டி பத்து நிமிடத்தில் கண்டுகொள்வார். ஆனால் அதற்குள் விமானச் செலவும் படகுக் கட்டணமும் முடிந்துவிட்டிருக்கும். காகிதம் அதற்கு முன்னர் கேட்கப்படுவது. இங்கே 49 முழுக்கு உடையவரின் நிலை தனித்து நோக்கத்தக்கது. செக் டைவ் அவருக்கு ஐம்பதாவது. அதை முடித்தால் தகுதி உண்டு. ஆனால் அதை எடுக்கப் படகேற வேண்டும். படகேறத் தகுதி வேண்டும். இவர் பொருட்டு மையியலார் பேனா இரவல் தர முன்வந்திருக்கின்றனர்.