பெரிய பாய்மரமின்மை: கண்டியில் மாதிரிக் கப்பல் முடிவுறாமை குறித்த ஆய்வு

மரத்தில் மாதிரிக் கப்பல் கட்டுபவன் அதை ஏன் முடிப்பதில்லை? என் வீட்டார் இதற்குச் சோம்பல் என்று ஒரே சொல்லில் தீர்ப்பெழுதிவிட்டனர். இவ்வாய்வு அத்தீர்ப்பை மறுக்கிறது. காரணம் சோம்பலன்று, கண்டி.

வரலாற்றுச் சான்று வலுவானது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் பெரிய பாய்மரம் போயிற்று. புதிது போட்டுக்கொள்ளலாம் என்று கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். வந்தவர்களில் சிலரைக் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்து மலைக்குக் கொண்டுபோனார்கள். கப்பல் தலைவரின் மகன் ரொபர்ட் நொக்ஸ் இங்கே தொப்பி பின்னி விற்றுப் பிழைத்து, 1679இல்தான் தப்பினார். ஒரு பாய்மரக் குறைக்குப் பத்தொன்பது ஆண்டு! என் கப்பலுக்கும் பெரிய பாய்மரம் ஒன்றுதான் பாக்கி. ஆனால் ஏழு ஆண்டுகளே ஆகின்றன.

ஆய்வுப்பொருள் 'அன்னபூரணி'. 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 89 அடிப் பாய்க்கப்பல். வில்லியம் அல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, மனைவி பெயரைச் சூட்டினார். நம்மூர் மாலுமிகளே ஓட்டிச்செல்ல, 1938இல் அது மசாசூசெட்சின் குளொஸ்டர் துறைமுகத்தைப் பிடித்தது. நாற்பத்தெட்டில் ஒரு பங்காகக் குறைத்தால் 22¼ அங்குலம். அதாவது, எங்கள் சாப்பாட்டு மேசையில் நாலு பேரில் ஒருவர் மடியில் தட்டை வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் ஆய்வாளரே.

அடிமரமான ஏராவும் விலாச்சட்டங்களான வங்குகளும் மூன்று மாதத்தில் எழுந்தன. பலகை அடிப்பதில்தான் கண்டி தன் குணத்தைக் காட்டியது. பழைய தேயிலைப் பெட்டியைக் கீற்றுகளாக அறுத்துச் சுடுநீரில் போட்டேன்; ஒவ்வொன்றும் மூன்று ஏடாகப் பிரிந்து, தேயிலை மணத்தோடு மிதந்தது. பிறகு தச்சுப்பட்டறைக் கழிவில் பொறுக்கிய தேக்குக் கீற்றுகளைக் கேத்தல் ஆவியில் காட்டி, மெல்ல வளைத்து, பசை தடவி, உடுப்புக் கிளிப் போட்டு இறுக்கினேன். ஒரு கீற்றுக்குப் பதினொரு கிளிப். கொடியில் கிளிப் இல்லாத சட்டைகள் அடுத்த வீட்டுக் கூரைக்குப் போனது பற்றி மனைவி எழுப்பிய ஆட்சேபம் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. வார்னிஷ் விஷயம் இன்னும் மோசம். வடகீழ்ப் பருவமழையில் பூசியது தைப்பொங்கலுக்கும் பிசுபிசுத்தது. பொங்கலன்று அதில் ஒட்டிய ஈ ஒன்று இன்றும் மேல்தளத்தில் பணியில் இருக்கிறது.

சுயாதீன மதிப்பீட்டுக்காக வல்வெட்டித்துறைப் பெரியவர் ஒருவரை அழைத்தேன். கப்பலை இரண்டு தரம் சுற்றிவந்தார். "வடிவாத்தான் இருக்கு தம்பி," என்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "அணியம் எந்தப் பக்கம்?" கப்பலின் முன்பக்கம் பற்றிய இக்கேள்வி அடுத்த ஆய்வுக்கு ஒதுக்கப்படுகிறது.

பாய்மரத்துக்கு ஹந்தானைப் பைன் காட்டில் காற்றில் விழுந்த கிளையொன்றை எடுத்துவந்தேன். அரத்தாளால் ஒரு மாதம் உருட்டி உருட்டித் தேய்த்து, அடியில் தடித்து நுனியில் ஒடுங்க வைத்தேன். பதினைந்து அங்குலம், ஊசிபோல் நேர். போன ஞாயிறு நட்டிருக்க வேண்டியது. அன்று காலை பேரன் அதைத் தூக்கிக்கொண்டு கெட்டம்பே ஆற்றங்கரைக்குப் போய்விட்டான். "தாத்தா, அது நல்லா மிதக்குது!" என்று ஈரக் காலோடு வந்து அறிக்கை தந்தான்.

ஆற்றோடு போன பாய்மரத்தின் வழியில் பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை என்று அணைகள் இருக்கின்றன. அத்தனையையும் தாண்டிவிட்டால் மகாவலி அதைக் கொட்டியாரக் குடாவில் சேர்க்கும். 'ஆன்' கப்பல் கேட்டு வந்த பாய்மரம், முந்நூற்று அறுபது ஆண்டு பிந்தி.