கவுன் போட்ட இளவரசன்

ஏலே பேராண்டி, ராசா வீட்டுப் படம்னதும் வாயப் பொளந்துட்டு நிக்கியே, கொஞ்சம் கிட்ட வந்து பாரு.

இது 1846-ல வரைஞ்சது. இங்கிலாந்து விக்டோரியா ராணி, புருசன் ஆல்பர்ட், அஞ்சு பிள்ளைக. 8 அடி உசரம், 10 அடி அகலம். நம்ம வீட்டுச் சுவருல மாட்டுனா சன்னலை அடைக்கணும்.

வரைஞ்சவன் வின்டர்ஹால்டர். ஜெர்மனியில, கருங்காட்டுச் சீமையில, ஒரு சம்சாரி மகன். அவன் தூரிகைய எடுத்தா ஐரோப்பாவுல எந்த மகுடமும் வாய மூடிட்டு உக்காரும். விவரம் தெரிஞ்சவுக எல்லாம் ‘வெறும் மினுக்கு’ன்னு ஏசுனாவ. ஏசட்டுமே! ராணிக்கு 5 அடி உசரம் தேறுறதே பெரும்பாடு. படத்துல பாத்தா அப்படியா தெரியுது? பெறவு கூலி குடுக்காம இருப்பாவளா?

அந்தா, இடப்பக்கம் தத்தக்கா பித்தக்கான்னு கவுன் போட்டு ஒண்ணு வருதே, பொட்டப்பிள்ளைன்னா நெனைச்சே? போலே. அது இளவரசன் ஆல்ஃபிரட், ரெண்டு வயசு. அந்தக் காலத்துல பெரிய வீட்டுப் பயகளுக்கும் நாலஞ்சு வயசு வரைக்கும் கவுன்தான். கால்சட்டைப் பொத்தானை அவுக்கதுக்குள்ள காரியம் முடிஞ்சிரும்லா! அரமனையில யாருக்கோ புத்தி இருந்திருக்கு.

மறு வருசம் இதை ஊருக்கே காட்டுனாவ. எம்புட்டுப் பாசமான குடும்பம்னு சனம் உருகிப்போச்சு. அந்த மகராசியோ, பிற்பாடு மூத்த மகளுக்குக் காயிதம் போடுதா: துணி இல்லாத பச்சப்பிள்ளையப் பாத்தா தவளை ஞாபகம் வருதாம். இதையெல்லாம் சட்டம் போட்டு மாட்டுவாவளா?

இதே ஆளு வரைஞ்ச 1851 படம் இன்னும் தமாசு. 82 வயசு வெலிங்டன் பிரபு, ராணியோட ஒரு வயசு மகன் ஆர்தருக்கு ஒரு பெட்டியை நீட்டுதாரு. நெசத்துல குடுத்தது தங்கக் கிண்ணம். எப்படி வரையன்னு ஓவியன் முழிச்சிருக்கான். ஏசு பாலனுக்கு மூணு ராசாக்க காணிக்கை குடுப்பாவல்லா, அந்த மாதிரி போடுன்னு ஆல்பர்ட்டே சொல்லிட்டாரு. தன் பிள்ளைய எந்த இடத்துல வச்சாரு பாத்தியா? பின்னால கண்ணாடி மாளிகை வேற, ஸ்டுடியோ படுதாவுல தாஜ்மகால் நிக்குமே, அது கணக்கா.

மூத்தவன் பெர்ட்டிக்கு ராணியோட கப்பல்ல இருந்த தையக்காரரே மாலுமிச் சட்டை தைச்சுக் குடுத்தாரு. அதையும் இந்த வின்டர்ஹால்டர் வரைஞ்சான். அம்புட்டுதான், ஐரோப்பா பூராவும் பணக்காரப் பிள்ளைக கப்பலேறாமலே மாலுமி ஆயிட்டுதுக.

ஆமா, உன் மவனுக்கும் ஏதோ போட்டோ எடுக்கியாமே. தலப்பா, கோவணம், கையில சின்னக் கலப்பைன்னு உங்க ஆத்தா சொன்னா. அட்டைக் கலப்பை எதுக்குலே? என் தொழுவத்துல நெசக் கலப்பையே கெடக்கு. வாடகைய மட்டும் முன்னாலயே குடுத்திரு.