ஒரு யூனிட் 233 ரூபாய்

தமிழ்நாட்டில் ஒரு யூனிட் மின்சாரம் என்ன விலை? 2022 செப்டம்பர் 10-இல் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் ரூ.1,725 வந்தது. 501 ஓடியிருந்தால் ரூ.1,958. ஐநூறைத் தாண்டிய கையோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த ரூ.2.25 பறிபோய், அதற்கும் ரூ.4.50 விழுந்தது. முதல் நூறு மட்டும் இலவசமாகவே தப்பித்தது. தாராளம்தான்.

அதனால் சித்திரை வந்தால் ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்து ஜீயபுரத்துக் குடும்பத்தலைவிகளுக்கு நாள்காட்டி வேண்டியதில்லை. மீட்டர் ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டை போதும். போன ரீடிங்கைக் கழித்துப் பார்த்து, "482 ஆச்சு, ஆள் வர இன்னும் நாலு நாள் இருக்கு" என்றபடி ஏசி ரிமோட்டை அரிசி டப்பாவுக்குள் போட்டுவிடுகிறார்கள்.

பங்குனித் திருவிழாவில் ஸ்ரீரங்கத்திலிருந்து இங்கே எழுந்தருளும் உற்சவர் நம்பெருமாள் விவரமானவர். பழைய சோறும் மாவடுவும் அமுது செய்து குளிர்கிறார். அதற்கு இதுவரை மீட்டர் இல்லை.

மற்றவர்களுக்கு ஏசிதான். புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020-இலேயே விதி வந்துவிட்டது. விடுமுறைக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை அதை 18-க்கு இறக்கினால் கேட்பதற்குத்தான் விதியும் இல்லை, மாமனாருக்கு வாயும் இல்லை.