துருப்பு மாமா

கேரளத்துப் பெருமாட்டிப் பக்கம் சாயங்காலப் பால் அளந்து, கேன்கள் வண்டியேறிப் போனதும், சொசைட்டித் திண்ணையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி விழும். நடுவே ஒரு பலகை, பலகை மேல் 32 சீட்டு. கட்டில் மிச்சமிருக்கும் 20 சீட்டை, அதாவது இரண்டு முதல் ஆறு வரையிலான ஏழை எளியவர்களை, ரப்பர் பேண்டு போட்டுத் தன் சட்டைப் பையில் வைத்திருப்பவர் ஒருவர் உண்டு. சீட்டுக்கட்டு அவருடையதல்ல. நாற்காலிகள் சொசைட்டியுடையவை. ஆனாலும் அவர் தலையசைக்காமல் அங்கே யாரும் உட்கார முடியாது. அவர்தான் துருப்பு மாமா.

இவர் ஒரே ஒருவர் என்று நினைத்துவிடாதீர்கள். கொழிஞ்சாம்பாறையில் ஒருவர், மீனாட்சிபுரத்தில் ஒருவர், கோவிந்தாபுரத்தில் இரண்டு பேர் (இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது). பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். நான் பார்த்ததில் தலைசிறந்த மாமா, கால்வாயில் ஷட்டர் ஏற்றி இறக்கும் வேலையில் ஆயுளைக் கழித்தவர். பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வருஷம் 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். அதில் எந்த வயலுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வேலை போன பிறகும் ஷட்டர் அவர் கையைவிட்டுப் போகவில்லை. முன்பு தண்ணீர், இப்போது ஆட்கள், அவ்வளவுதான்.

ஆட்டம் இருபத்தெட்டு. நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள். ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. கூட்டிப் பார்த்தால் மொத்தம் 28. ராஜா, ராணி, எட்டு, ஏழு எல்லாம் சைபர். முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அதை மட்டும் பார்த்து ஏலம் கேட்க வேண்டும், குறைந்தது பதினாலு. கூடக் கேட்டவர் ஒரு சீட்டைத் துருப்பாகக் கவிழ்த்து வைப்பார். அப்புறம்தான் மீதி நாலு சீட்டு. கவிழ்ந்தது என்ன என்று கூட்டாளிக்குக்கூடத் தெரியாது. ராஜாவுக்கு மதிப்பே இல்லாமல், வேலைக்காரப் பயல் எல்லாரையும் வெட்டிச் சாய்க்கிற ஆட்டம் இது. இதில் மாமா மட்டும் எப்படி ராஜாவாக உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கோயமுத்தூரில் படிக்கிற பையன் ஒருவன் லீவுக்கு வந்தவன், திண்ணை ஓரமாக வந்து நிற்கிறான் என்று வையுங்கள். மாமா சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பார்.

“யாரு பையன்?”

சொல்வான்.

“உங்கொப்பன் ஆடுவானா?”

“ஆடமாட்டாருங் மாமா.”

“அப்ப நீ எங்க கத்துக்கிட்டே?”

“போன்ல ஆடியிருக்கனுங்.”

போன் என்ற சொல் விழுந்ததும் நாலு பேரும் சீட்டைக் கவிழ்த்து வைப்பார்கள்.

“போன்ல துருப்பு கவுத்தறது யாரு?”

“அதே கவுத்திக்குமுங்.”

“நீயும் நம்பிட்டே.”

அடுத்தது வாய்மொழித் தேர்வு. எட்டுக்கு எத்தனை? சைபருங். ராஜாவுக்கு? சைபருங். அப்ப ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? பையன் யோசித்து, “ராஜா எட்டைப் பிடிக்குமுங்” என்பான். சரியான பதில். மாமா அசரமாட்டார். “பிடிச்சு?” என்பார். பையன் விழிப்பான். “பிடிச்சு ஒண்ணும் கிடைக்காது. போயி அஞ்சு டீ சொல்லு.”

அஞ்சாவது டீ அவனுக்குத்தான் என்று அவன் நினைப்பான். அது பால் அளக்கிறவருக்கு.

இப்படி டீ சொல்வது முதல் படி. இரண்டாவது படி, பின்னால் நிற்பது. நிற்கிறவன் ஒருத்தருடைய சீட்டை மட்டும்தான் பார்க்கலாம். இருமக் கூடாது, புருவம் தூக்கக் கூடாது, “அடடா” என்று நினைக்கக்கூடக் கூடாது. நினைப்பு முகத்தில் தெரிந்துவிடும். மூன்றாவது படி, யாராவது மூத்திரம் பெய்யப் போனால் அவர் சீட்டைக் கையில் பிடித்திருப்பது. பிடிக்கலாம், ஆடக் கூடாது. நாலாவது படி, கலைத்துப் போடுவது. இங்கேதான் பல பேர் கவிழ்கிறார்கள். ரம்மி ஆடிப் பழகிய கை இடப்பக்கமாகப் போடும். இருபத்தெட்டில் வலப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். முதல் சீட்டு இடப்பக்கம் விழுந்த நொடியில் மாமா முகத்தில் வரும் துக்கத்தை எழவு வீட்டில்தான் பார்க்க முடியும். பையன் திரும்பவும் டீயிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐந்தாவது படி நாற்காலி. ஆனால் நாற்காலிகள் நாலு. ஒன்று காலியாக வேண்டுமானால் ஊரில் ஒரு கருமாதி நடந்தாக வேண்டும்.

நாற்காலி கிடைத்தவனுக்கு முதல் வாரத்திலேயே குணுக்கும் கிடைக்கும். தொடர்ந்து தோற்றவன் காதில் எதையாவது தொங்கவிட்டுக்கொள்வது கேரளத்துச் சீட்டு மேசைகளின் பழைய தண்டனை. பலா இலை, துணி கிளிப், சில இடங்களில் வெண்டைக்காய். ஜெயித்துத்தான் அதைக் கழற்ற முடியும். பையன்கள் இலையும் காதுமாக உட்கார்ந்திருக்க, ஊரே பால் தூக்கோடு வேடிக்கை பார்த்துப் போகும். மாமாவும் தோற்பதுண்டு. ஆனால் அவர் தோற்கிற நாளிலெல்லாம் அவருக்குக் காதில் புண்ணாக இருக்கும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று ஒருமுறை கேட்டேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “கோலாக் கம்பெனியவே வெளிய அனுப்புன பஞ்சாயத்துங் இது.” உண்மைதான். 2000இல் பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலை திறந்தது; கிணற்றுத் தண்ணீர் கெட்டது; 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது; 2003இல் பெருமாட்டிப் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது; 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஆனால் வாசலில் உட்கார்ந்து போராடியது இரவாளர் சமூகத்து மயிலம்மாவும் அவர் கூட நின்ற பெண்களும். அந்த நாட்களில் மாமா எங்கே இருந்தார் என்று விசாரித்தேன். திண்ணையில்தான் இருந்தாராம். பதினெட்டு கேட்டிருந்தாராம்.

இருபத்தெட்டைத் தாண்டினால் ஐம்பத்தாறு. இரண்டு கட்டு, 48 சீட்டு, ஆறு பேர். அதில் ஏலம் கேட்பதே ஒரு தனி மொழி. எண்ணை முன்னால் சொல்லி இஸ்பேடைப் பின்னால் சொன்னால் ஓர் அர்த்தம், மாற்றிச் சொன்னால் இன்னோர் அர்த்தம். கையில் என்ன இருக்கிறது என்று கூட்டாளிக்கு அதிலேயே போய்விடும். ஓணத்துக்கு நடக்கும் போட்டிகளில் இதைக் கேட்டால் வெளியாளுக்கு ஏதோ கோயில் ஏலம் என்றுதான் தோன்றும். ஒரு மத்தியானம் சொல்லிக்கொடுத்தால் விளங்கிவிடக்கூடிய விஷயம். மாமா அதை யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. “அது தானா வரோணும்” என்பார். அவருக்கு எப்படி வந்தது? அத்தை சொல்லிக்கொடுத்தது என்று ஊரில் பேச்சு. நான் நம்புகிறேன். அத்தை பேரன் பேத்திகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு ஆட்டம் எல்லாருடைய சீட்டையும் தரையில் மல்லாத்திப் போட்டுவிடுவார். யார் எதைப் போட்டாலும், “நல்ல சீட்டு கண்ணு. இதைக் கொஞ்சம் பொறுத்துப் போட்டிருந்தா இன்னும் நல்லாருக்கும்” என்பார். ஒரே சாயங்காலத்தில் ஏழு வயசுக் குழந்தை பதினாறு கேட்கும். அத்தைக்குத் திண்ணையில் நாற்காலி இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கும் என் தங்கை மகன் இதைக் கேட்டுவிட்டு, “மாமாவுக்கு எங்க டேபிள்லயும் ஒரு பிராஞ்ச் இருக்கு. வயசு 26” என்றான். சனிக்கிழமை ராத்திரிகளில் அவர்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் உருவாக்கி, 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம். ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் மந்திரவாதியாகவோ குள்ளனாகவோ வேஷம் கட்டி, இருபது முகப் பகடையை உருட்டி, குகைக்குள் போவார்கள். மனசில் தோன்றியதைச் செய்யலாம் என்பதுதான் ஆட்டத்தின் அழகே. அந்த மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்து உட்கார்ந்ததும் 26 வயசு மாமா கேட்டாராம்: “எந்த எடிஷன்ல ஆரம்பிச்சீங்க?” ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது, அதற்கப்புறம் வந்தவர்களெல்லாம் அவருக்குப் பந்தி முடிந்து வந்தவர்கள். அவர் பிறந்ததே இரண்டாம் பதிப்புக் காலத்தில். அந்தப் பெண் அடுத்த வாரம் வரவில்லை. “விதிப்புத்தகம் முந்நூறு பக்கம் மாமா. முழுசா அவருக்கே தெரியாது” என்றான் மருமகன். நம் மாமாவாவது 28 வரைக்கும் சரியாக எண்ணுவார்.

திண்ணை மாமா இந்த ஆட்டம் சேரமான் காலத்தது என்பார். ஆட்டமோ கப்பலேறி ஊர் ஊராகத் திரிந்த ஆசாமி. துருப்பில் ஜாக்கியும் ஒன்பதும் எல்லாரையும் மிஞ்சுவது ஹாலந்தின் கிளாவர்யாஸிலும் சுவிட்சர்லாந்தின் யாஸிலும் உண்டு. யாழ்ப்பாணத்தார் ஆடும் முந்நூற்று நாலில் ஜாக்கிக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, ஏஸுக்குப் பதினொன்று. அங்கே ராஜாவுக்குக்கூட இரக்கப்பட்டு மூன்று கொடுத்திருக்கிறார்கள். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் நேட்டாலுக்குக் கூலிகளை ஏற்றிப் போனது. அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் டர்பனில் ஆடும் துனீயிலும் இதே கணக்குதான். இத்தனை துறையில் இறங்கியும் இந்த ஆட்டத்தை ஒருத்தரும் யாரு பையன் என்று கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு சிக்கல் வந்தது. நாலாவது நாற்காலிக்காரர் மூட்டு ஆபரேஷனுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று பேர் மூன்று நாள் சும்மா உட்கார்ந்து மழையைத் திட்டினார்கள். பின்னால் நிற்கிற பையன்களில் ஒருத்தனைக்கூட மாமா கூப்பிடவில்லை. “இன்னும் பழுக்கல.” அப்போது தென்னந்தோப்பில் தேங்காய் உரிக்க வந்திருக்கும் வங்காளப் பையன் ஒருவன், மழைக்கு ஒதுங்கியவன், பலகையை எட்டிப் பார்த்துவிட்டு, “சேட்டா, இது ஞான் ஆடும்” என்றான். எங்கள் ஊர்த் தமிழும் மலையாளமும் அவனிடம் ஒரே மொழியாகிவிட்டன.

“எட்டுக்கு எத்தனை?”

“ஜீரோ.”

“ஜாக்கிக்கு?”

“மூணு. ஒம்பது ரெண்டு. எங்க ஊர்ல பேரு ட்வென்ட்டி நைன்.”

மாமா எழுந்தே நின்றுவிட்டார். இருபத்தொன்பதா? அந்த ஒண்ணு எங்கிருந்து வந்தது? கடைசிப் பிடி பிடித்தவருக்கு ஒரு புள்ளி கூட என்று பையன் விளக்கினான். இப்போது அதைப் பல இடத்தில் எண்ணுவதில்லை, பேர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது என்றும் சொன்னான். மாமா கேட்கவில்லை. அந்த ஒரு புள்ளி கலப்படம், கள்ளக்கணக்கு, பால்ல தண்ணி என்று அரை மணி நேரம் பேசினார். பால் அளக்கிறவர் உள்ளே எழுந்து போய்விட்டார். மழை விடுவதாக இல்லை. கடைசியில் மாமா கைநீட்டி நாற்காலியைக் காட்டினார். “உக்காரு. ஆனா கடைசிப் பிடிக்கு ஒண்ணுன்னு வாயத் தொறக்கக் கூடாது.”

பையன் வலப்பக்கமாகத்தான் சீட்டுப் போட்டான். அன்றைக்கு மாமாவின் கூட்டாளியாக உட்கார்ந்து எதிராளிகள் இருவர் காதிலும் பலா இலை மாட்டினான்.

அதற்குப் பிறகு அவன் டீ சொல்லப் போனதே இல்லை. மூட்டு ஆபரேஷன் முடிந்து திரும்பியவர் இப்போது பின்னால் நின்று பார்க்கிறார். ஓணத்துக்குப் பக்கத்து ஊர் மேசையிலிருந்து அவனைக் கூப்பிட வந்தவர்களிடம் மாமா சொன்னாராம்: “எங்க ஊர்ப் பையனுங். விட முடியாது.”

போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். கோயமுத்தூர்ப் பையன் மறுபடி லீவுக்கு வந்து திண்ணை ஓரமாக நின்றுகொண்டிருந்தான். மாமா வெற்றிலை மென்றபடி கூட்டாளியைப் பார்த்து மோவாயை அசைத்தார். வங்காளப் பையன் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்:

“யாரு பையன்?”