மடிப்பிடிமானக் கோட்பாடு: குமரி மாவட்டத் தொழில் ஆங்கிலம் குறித்து ஓர் ஆய்வு

தொழில் சார்ந்த ஆங்கிலச் சொற்கள் மனத்தில் பதிவது காது வழியாகவா, கண் வழியாகவா என்று மொழியறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள். மடி வழியாக என்பது இக்கட்டுரையின் துணிபு. தெரியாவிட்டால் மடியிலிருக்கும் காசு போகும் என்றால், எந்தச் சொல்லும் அன்றைக்கே பாடமாகிவிடும். முதற்சான்று, குலசேகரம் பக்கத்து ரப்பர் விவசாயி. பள்ளிக்கூடத்தில் ஆங்கில எழுத்து இருபத்தாறிலும் இடறியவராகவே இருக்கட்டும். டி.ஆர்.சி. என்னவென்று அவரிடம் கேளுங்கள்: பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்பதில் தொடங்கி, மழை பெய்தால் அது ஏன் இறங்கும் என்பதுவரை வகுப்பெடுப்பார். பாலில் மிதக்கும் மெட்ரோலாக் குழாயின் கோட்டை வியாபாரி ஒருபக்கமும் இவர் மறுபக்கமும் குனிந்து பார்க்கிற பார்வை எந்தப் பரீட்சை மண்டபத்திலும் காணக் கிடைக்காது. ஒரு கோடு பிசகினால் காசு. பாலை ஷீட்டாக அடித்துப் புகையில் உலர்த்துவோருக்கு அடுத்த பாடம் ஆர்.எஸ்.எஸ். 4, ஆர்.எஸ்.எஸ். 5 என்ற ஷீட் தரங்கள். "ஆர்.எஸ்.எஸ். எறங்கிட்டு" என்று டீக்கடையில் பேச்சு அடிபட்டால் வெளியூர்க்காரர்கள் பதற வேண்டாம், ரப்பர் விலையைத்தான் சொல்கிறார்கள். தூத்தூர் ஆழ்கடல் மீனவர்களின் ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் பற்றித் தனியே விளக்க வேண்டியதில்லை. அங்கே மடியோடு உயிரும் சேர்ந்துகொள்கிறது.

எழுத்துச்சுருக்கம் தெரிந்தால் ஆங்கிலம் தெரிந்ததாகுமா, விரித்துச் சொல்லச் சொன்னால் விழிப்பார்களே என்பார் உளர். ஏ.டி.எம்.மை விரிக்கத் தெரியாமல் பணம் எடுக்கும் பட்டதாரிகள் இதற்குப் பதில் சொல்லட்டும். இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. 1809-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்ததுதான் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. கூலி எதுவும் இல்லாமலே இந்த மண் தலைமுறை தலைமுறையாக ஆங்கிலம் படித்திருக்கிறதே? படித்தது உண்மை. ஆனால் அந்தப் படிப்பின் மறுகரையில் உத்தியோகம் தெரிந்தது. மடி தள்ளி இருந்ததே தவிர இல்லாமல் இல்லை. இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. பொறியியல் முடித்த பிள்ளைகள் பயோடேட்டாவில் 'டீம் பிளேயர்', 'புரோஆக்டிவ்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். நேர்காணலில் பொருள் கேட்டால் மின்விசிறியைப் பார்க்கிறார்கள். அதே பிள்ளைகளுக்கு வேலையில் சேர்ந்த முதல் மாதமே 'லாஸ் ஆஃப் பே' யாரும் கற்பிக்காமல் தலைகீழ்ப் பாடம்.

ஆகவே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துவோருக்கு ஒரு விண்ணப்பம். கட்டணம் முழுவதையும் முதல் நாளே வாங்கிவிடுகிறீர்கள். அதோடு மாணவனுக்கு மடியைப் பற்றிய கவலை தீர்ந்துபோகிறது, படிப்பும் தீர்ந்துபோகிறது. ரப்பர்க் கடையில் செய்வதுபோல், தெரிந்த சொல்லுக்கு வரவும் தெரியாத சொல்லுக்குப் பிடித்தமும் எழுதி, வாரக் கடைசியில் கணக்குத் தீர்த்துப் பாருங்கள்.