ஊழும் உஞற்றும்: இணைய நகரமைப்பு விளையாட்டின் ஈவென்ட் காலம் குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

ஊழ் பெரிதா, முயற்சி பெரிதா என்ற வழக்கு பழையது. திருக்குறள் 38ஆம் அதிகாரத்தை ஊழுக்கும் 62ஆம் அதிகாரத்தை ஆள்வினைக்கும் ஒதுக்கியது. இடையில் 23 அதிகாரங்கள் இருந்தும் வழக்கு இன்னும் தீரவில்லை. பழைய உரைகாரர்களுக்கு வாய்க்காத ஆய்வுக்களம் ஒன்று நமக்கு வாய்த்திருக்கிறது. ஹாம்பர்க்கிலுள்ள இன்னோகேம்ஸ் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ‘ஃபோர்ஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்னும் விளையாட்டுதான் அது. கற்காலத்தில் தொடங்கி விண்வெளி யுகம் வரை நகரை வளர்க்கலாம். நடுநடுவே திருவிழாக்கள்போல் ஈவென்ட்கள் வரும்.

கருதுகோள்: முன்கூட்டித் திட்டமிடுபவர் கூடுதலாகப் பெறுவார், ஆகவே கூடுதலாக மகிழ்வார்.

முன்னோடி

வில் ரைட்டின் ‘சிம்சிட்டி’ (1989) இத்துறையின் மூலநூல். அதில் தீ, வெள்ளம், சூறாவளி, நிலநடுக்கம், ஒரு ராட்சதப் பிராணி என ஊழ் நகரை இடிக்க வந்தது. பொழுது போகாத மேயர் இவற்றைத் தாமே வரவழைக்கவும் வசதி இருந்தது. ஊழுக்கே உத்தரவு போட்ட நகராட்சி அது. பிற்கால இணைய விளையாட்டுகளில் ஊழ் இடிப்பதைக் குறைத்துக்கொண்டு பரிசு கொடுக்கத் தொடங்கியது. வசவு வாங்கத் தொடங்கியதும் அதன் பிறகுதான்.

ஆய்வுக்களம்

ஈவென்ட் இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதலாவது குவெஸ்ட்: இத்தனை நாணயம் திரட்டு, 8 மணி நேர உற்பத்தியை இத்தனை முறை முடி, ஒரு மாகாணத்தைப் பிடி, ஒரு தொழில்நுட்பத்தைக் கண்டுபிடி. முடித்தால் ஈவென்ட் காசு கிடைக்கும். இரண்டாவது பெட்டி: அந்தக் காசைக் கொடுத்துத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பதைச் சதவீதம் முடிவு செய்யும். முன்னது முயற்சியின் ஆட்சிப் பகுதி. பின்னது ஊழின் ஆட்சிப் பகுதி. காசு மட்டும் இரண்டு ராஜ்யத்திலும் செல்லும்.

வகைப்பாடு

ஆட்டக்காரர் மூவகையினர்: திட்டமிடுவோர், தட்டிவிடுவோர், கொட்டிக்கொடுப்போர்.

புதிய ஈவென்ட்கள் சோதனை சர்வரில் முதலில் ஓடுவதால், குவெஸ்ட் வரிசை திட்டமிடுவோர் கைக்கு முன்பே வந்துவிடும். வேவு பார்த்து முடித்த மாகாணத்தைப் பிடிக்காமல் போட்டு வைப்பார்கள். ஒரு தொழில்நுட்பத்தைக் கண்டுபிடிக்கச் செலவிட வேண்டிய ஃபோர்ஜ் பாயின்ட்களில் ஒன்றே ஒன்றைப் பாக்கி வைத்துவிட்டு ஈவென்ட்டுக்காகக் காத்திருப்பார்கள். அதுவரை அந்நகர மக்கள் கண்டுபிடிப்பின் வாசற்படியில், தலைவர் நன்மைக்காக, அறியாமையில் வாழ வேண்டும்.

தட்டிவிடுவோர் வந்த குவெஸ்ட்டை வந்தபடி செய்வார்கள். 5 நிமிட உற்பத்தியைத் தட்டிவிட்டு 8 மணி நேரம் தூங்குவார்கள். கொட்டிக்கொடுப்போர் விளையாட்டுக்குள் செலவழிக்கும் வைரத்தை ரொக்கத்துக்கு வாங்குவார்கள். அவர்களை ஆராயும் உரிமை பொருளியல் துறைக்கு உரியது.

கணக்கியல்

பெட்டியின் மேல் 10 சதவீதம் என்று எழுதியிருக்கிறது எனக் கொள்வோம். பத்துப் பெட்டி திறந்தால் ஒரு பரிசு நிச்சயம் என்பது கில்டு என்னும் ஆட்டக்காரர் குழுவின் அரட்டையில் வழங்கும் சித்தாந்தம். கணக்கோ, பத்துக்கு 65 சதவீதமே என்கிறது. 90 சதவீத உறுதி வேண்டுமானால் 22 பெட்டி திறக்க வேண்டும். 21 பெட்டி ஏமாற்றினாலும் 22ஆவதற்கும் அதே 10 சதவீதம்தான்; முன்னவை செய்த பாவத்துக்குப் பின்னது பரிகாரம் செய்யாது. 1913இல் மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தபோது, அடுத்தது சிவப்புத்தான் என்று கட்டியவர்கள் பெரும்பணம் இழந்தார்கள். அவர்களும் திட்டமிடுவோரே.

எத்தனையாவது கொத்தலுக்குத் தானியம் விழும் என்று தெரியாத புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதை உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் நூலாகவே எழுதிவிட்டார்கள். ஆனால் அந்தப் புறாக்களிடம் எக்செல் தாள் இல்லை. எனவே அம்முடிவுகளை நம் ஆட்டக்காரருக்கு அப்படியே பொருத்துவது முறையாகாது.

கண்டறிந்தவை

ஒன்று. எத்தனை பெட்டி திறக்கலாம் என்பதோடு திட்டத்தின் அதிகாரம் முடிகிறது. அதே 10 சதவீதத்தில், திட்டமிட்டு 60 பெட்டி திறப்பவருக்குச் சராசரியாக 6 பரிசு, 54 ஏமாற்றம். தட்டிவிட்டு 20 பெட்டி திறப்பவருக்கு 2 பரிசு, 18 ஏமாற்றம். உழைப்பாளிகளே உரக்கப் புலம்புவதன் கணிதக் காரணம் இதுதான்.

இரண்டு. ஈவென்ட்டின் தலைமைக் கட்டடத்துக்கான மேம்பாட்டுப் பொருள்கள் ஊழைச் சாராமல், முன்னேற்ற அளவுப்படி ஒழுங்காக வந்து சேர்கின்றன. அவற்றைப் பற்றி அரட்டையில் ஒரு சொல்லும் காணோம். அவை தனக்கு வர வேண்டிய பாக்கி என்றே ஒவ்வொருவரும் கருதுகிறார்.

மூன்று. பரிசு விழுந்தால் அது திட்டத்தின் வரவு. விழாவிட்டால் ஊழின் செலவு. இப்படி எழுதப்படும் கணக்கில் திட்டம் ஒருபோதும் நட்டப்படுவதில்லை.

முடிவுரை

கருதுகோளின் முற்பாதி ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது. பிற்பாதி எந்தப் பெட்டியிலும் வரவில்லை.